கையால் தட்டினால் ஓடுகிறது, தானாக ஓட மறுக்கிறது

கணக்கு எழுதுகிறவனுக்குக் கணினியில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இன்று நான் சொல்ல வந்தது என் சொந்தத் தவறு ஒன்றைப் பற்றி.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் இரவெல்லாம் காற்றும் மழையும். ஆக்லாந்தின் ஜூலை மாதத்தில் இது அதிசயமில்லை. விடியற்காலையில் மின்சாரம் போய்த் திரும்பியது. ஒலிப்பதிவுகளை நேரம் பார்த்து ஒலிபரப்பும் எங்கள் லினக்ஸ் கணினி தானே எழுந்துகொண்டது. அதில் ஓட வேண்டிய நிரல் மட்டும் எழவில்லை. நேயர்களுக்குப் பதினேழு நிமிடம் வெறும் மௌனம். அதற்குள்தான் ஓர் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வரவேண்டியிருந்தது. பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் சாண்ட்ரிங்ஹாமில் ஒரு வீட்டில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

மௌண்ட் ராஸ்கில்லிலிருந்து மழையில் காரை ஓட்டிக்கொண்டு போய், நிரலைக் கையால் தட்டி இயக்கினேன். உடனே ஓடியது! மூன்று மாதம் முன்பு அதற்குத் தொடக்க ஸ்கிரிப்ட் எழுதியவன் நான். "சோதித்தாயா?" என்று கேட்டவர்களிடம் "நன்றாக ஓடுகிறது" என்று சொன்னவனும் நான்தான். சோதித்தது கையால் தட்டித்தான். அதன்பிறகு கணினியை ஒருமுறைகூட அணைத்து எழுப்பவில்லை.

கணினியின் பதிவேட்டில் "அனுமதி மறுக்கப்பட்டது" என்று ஒரு வரி, பக்கத்தில் 203 என்ற எண். கோப்பின் அனுமதிகளைப் பார்த்தால் எல்லாரும் இயக்கலாம் என்றே இருக்கிறது. பிறகு யார் மறுத்தது?

மறுத்தது எஸ்ஈலினக்ஸ் என்ற காவல் ஏற்பாடு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்டது. 2003ல் லினக்ஸின் கருவிலேயே சேர்ந்துவிட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும், 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல், இதுவே முழுக் காவல். கம்பெனியில் முதலாளி பணப்பெட்டியில் கை வைத்தால் யாரும் கேட்பதில்லை. அதே பணத்தை எடுக்கப் பியூன் போனால் கேஷியர் "வவுச்சர் எங்கே?" என்பார். எஸ்ஈலினக்ஸ் அந்தக் கேஷியர். ஒவ்வொரு கோப்புக்கும் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முத்திரை உண்டு. எந்த முத்திரை எதைத் தொடலாம் என்பது விதிப்புத்தகத்தில் இருக்கும், இல்லாதது மறுக்கப்படும். நிர்வாகியின் கடவுச்சொல் இருந்தாலும் இந்தப் புத்தகம்தான் பேசும்.

விசைப்பலகையில் உட்கார்ந்த நான் ஏறக்குறைய முதலாளி. கணினி எழும்போது ஸ்கிரிப்டை இயக்குவதோ சிஸ்டம்டி என்ற வேலையாள். நான் ஸ்கிரிப்டை என் சொந்தக் கோப்புறையில் எழுதி, பிறகு பொது நிரல்களின் இடத்துக்கு நகர்த்தியிருந்தேன். இங்கேதான் வினை. நகலெடுத்தால் கோப்பு புது இடத்தின் முத்திரையைப் பெறும். நகர்த்தினால் பழைய முத்திரையோடு போகும். என் கோப்பு வீட்டுச் சரக்கு என்ற முத்திரையோடு பொது இடத்தில் கிடந்தது. வீட்டுச் சரக்கை இயக்கச் சிஸ்டம்டிக்கு அனுமதியில்லை. வழக்கமான பட்டியலில் இது தெரியாது. பெரிய இசட் எழுத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் முத்திரை தெரியும்.

"எஸ்ஈலினக்ஸை அணைத்துவிடு, தொல்லை தீரும்" என்றார் ஒரு நண்பர். வவுச்சர் கேட்கிறார் என்று கேஷியரை வேலையை விட்டு நீக்குவார்களா? தவிர, முழுதும் அணைத்து வைத்திருக்கும் காலத்தில் உருவாகும் கோப்புகளுக்கு முத்திரையே விழாது. பிறகு இயக்கும்போது எல்லாவற்றுக்கும் புதிதாகக் குத்தவேண்டும். சந்தேகம் என்றால் தற்காலிகமாகத் தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கும் நிலைக்கு மாற்றலாம். ஐந்து நிமிடம் அப்படி வைத்தேன், சிஸ்டம்டி மூலமே நிரல் ஓடியது. காவலை உடனே திரும்பப் போட்டேன். தணிக்கைப் பதிவேட்டிலும் மறுத்தது யாரை, எந்தக் கோப்பில் என்பதெல்லாம் ஒரே வரியில் இருந்தது. எங்கள் தொழிலில் அத்தனை தெளிவான தணிக்கைக் குறிப்பை நான் பார்த்ததில்லை!

அந்த வரியைக் கொண்டே புது அனுமதி விதி எழுதித் தரும் கருவியும் உண்டு. அவசரத்தில் அதைத் தொட்டிருந்தால், வீட்டுக் கோப்புகள் எல்லாவற்றையும் சிஸ்டம்டி இயக்கலாம் என்று விதி ஏறியிருக்கும். கோளாறு விதியில் இல்லை, முத்திரையில்தான். ரிஸ்டோர்கான் என்ற ஒரே கட்டளையில் சரியான முத்திரை விழுந்தது. பிறகு ஸ்கிரிப்டை நேராகத் தட்டாமல், சிஸ்டம்டியிடமே சொல்லி இயக்கிப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்கவேண்டிய சோதனை அது.

அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன். "போகட்டும் தம்பி" என்றார் அந்த அம்மாவின் கணவர். அடுத்த ஞாயிறு நினைவஞ்சலியை முதலில் ஒலிபரப்பினோம். இப்போது மாதம் ஒருமுறை, நிகழ்ச்சி முடிந்ததும் கணினியை அணைத்து எழுப்பி, விசைப்பலகையைத் தொடாமல் பாட்டு வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.