கத்திரி வெயிலில் சுத்திச் சுத்தி ஓடுவது

ஓட்டத்தைப் பற்றி எப்ப பேசினாலும் உங்ககிட்ட இருந்து ஒரு கேள்வி வந்துடுது: "ஒரே மைதானத்தையே 12 மணி நேரம் சுத்துறீங்களே, தலை சுத்தாதா? கிறுக்குப் பிடிக்காதா?" தலை சுத்தாதுங்க. ரெண்டாவது கேள்விக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது. இன்னைக்கு அதைப் பத்தியும், அதை மதுரை வெயிலில் செஞ்சா என்ன ஆகும்கிறதைப் பத்தியும் பேசப் போறேன்.

முதல்ல இது என்னன்னு சொல்லிடுறேன். மாரத்தான்னா 42.195 கிலோமீட்டர். தூரம் முடிவாயிடுச்சு, நேரம்தான் ஆளுக்கு ஆள் மாறும். நேர ஓட்டத்துல இது தலைகீழ். 6 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம்னு நேரத்தை முடிவு பண்ணிடுவாங்க. அதுக்குள்ள எவ்வளவு தூரம் போறீங்களோ அதுதான் உங்க கணக்கு. நடக்கலாம், உட்காரலாம், தூங்கலாம், பாய் விரிச்சுப் படுத்து ரசம் சாதம் சாப்பிடலாம். யாரும் உங்களை வெளியே அனுப்ப மாட்டாங்க. கடிகாரம் மட்டும் நிக்காது.

உலகத்துல 24 மணி நேர ஓட்டத்தோட பெரிய பேர் ரொம்ப நாளா கிரேக்கத்தோட யானிஸ் கூரோஸ். 1997-ல ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுல 303.506 கிலோமீட்டர். 2022 செப்டம்பர்ல இத்தாலியின் வெரோனாவுல லிதுவேனியாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் சொரோகின் 319.614 கிலோமீட்டர் ஓடினார். சராசரி மணிக்கு 13.3 கிலோமீட்டர். நம்ம ஊர் டவுன் பஸ் சில நாள் இதைவிட மெதுவா போகும். அதே வருஷம் ஜூலையில பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்துல ஆசிய ஓசியானியா 24 மணி நேரப் போட்டி நடந்தது. ஆண்கள் அணிக்கான தங்கம் இந்தியாவுக்கு. தனிநபர்ல ஜெயிச்ச அமர் சிங் தேவந்தா ஓடினது 257.618 கிலோமீட்டர். 400 மீட்டர் வட்டத்துல அது 644 சுத்து. கேட்கும்போதே கால் வலிக்குதுல்ல?

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில 1997-ல இருந்து நடக்குற 3100 மைல் ஓட்டம். 883 மீட்டர் சுற்றளவுள்ள ஒரே ஒரு தெரு பிளாக். 52 நாளுக்குள்ள 5,649 சுத்து. காலையில 6 மணியில இருந்து நள்ளிரவு வரைக்கும், சிமெண்ட் நடைபாதையில. ஒரு நாள் வலஞ்சுழி, மறுநாள் இடஞ்சுழி. இதை ஆரம்பிச்ச ஸ்ரீ சின்மாய் அதுக்கு முன்னாடி 20 வருஷம் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துல இருந்தவர். அந்தத் தெருவுக்கும் நம்ம பக்கத்துக்கும் அப்படி ஒரு ஒட்டுறவு.

நமக்கு இது புதுசும் இல்ல. பசுமலையில என் வீட்டு மாடியில நின்னா திருப்பரங்குன்றம் தெரியும். பௌர்ணமி அன்னைக்கு அந்த மலையைச் சுத்திக் கூட்டம் கூட்டமா கிரிவலம் போறாங்க. சிலர் நேர்த்திக்கடன்னு பல சுத்து போவாங்க. அவங்ககிட்ட போய் "போரடிக்கலையா"ன்னு யாரும் மைக் நீட்டுறதில்ல.

சரி, வெயிலுக்கு வருவோம். மே மாசம், கத்திரி. பசுமலை அடிவாரத்துல ஒரு மண் மைதானம். பள்ளிக்கூட லீவுலதான் அது காலியா கிடைக்கும், அதனாலதான் மே. பதினோரு பேர். எல்லாரும் நண்பர்கள், நண்பர்களோட நண்பர்கள். அளவு டேப் வெச்சு அளந்தோம், ஒரு சுத்து 365 மீட்டர். காலையில 6 மணியில இருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை திசையை மாத்தணும், இல்லைன்னா ஒரே பக்கம் திரும்பித் திரும்பி ஒரு முழங்கால் மட்டும் அழ ஆரம்பிச்சுடும். பரிசு, மெடல், டீஷர்ட் எதுவும் கிடையாது. விதிகள் மூணே மூணு. அதுல ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடுறேன்: சுத்து எழுதுற நோட்டு யார் கையில இருக்கோ, அவங்க உட்காருன்னா உட்காரணும். பேச்சு கிடையாது.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதுக்காவது பயன்படட்டும். ஒருத்தர் ஒரு கிலோமீட்டர் ஓட, அவர் எடையில ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி ஆகும். 65 கிலோ ஆள் மணிக்கு 8 கிலோமீட்டர் ஓடினா 520. அதுல முக்கால் பங்கு கால்களை நகர்த்துறதுக்குப் போறதில்ல, சூடா மாறி உடம்புக்குள்ளேயே தங்குது. மணிக்கு 400 கிலோ கலோரி சூட்டை வெளியே தள்ளியாகணும். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோ கலோரியை எடுத்துட்டுப் போகும். அப்ப மணிக்கு 700 மில்லி வியர்வை *ஆவியாகணும்*. சொட்டுச் சொட்டா தரையில விழுந்தது கணக்குல வராது.

மண்பானையை நினைச்சுக்கங்க. பானைச் சுவர்ல கசியுற ஈரம் காய்ஞ்சு போறதாலதான் உள்ள தண்ணி குளிருது. மதுரையில மத்தியானக் காத்து வறண்டது, பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கும். சென்னையில அதே பானை அந்த அளவுக்கு வேலை செய்யாது, காத்துலயே ஏற்கனவே ஈரம். நம்ம உடம்பும் அப்படித்தான். மதுரைக்காரனுக்கு இதுல ஒரு சாதகம் இருக்கு. ஆனா தோலோட சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காத்து 39, 40-ஐத் தொட்டுட்டா, வீசுற காத்தே உடம்புக்குச் சூடு ஏத்துது. மேல சூரியன், கீழ மண், பக்கத்துல நாள் முழுக்கக் காய்ஞ்ச பாறை. பேருதான் பசுமலை. வியர்வையைத் தவிர வேற வழியே இல்லாத நேரம் அது.

தண்ணி குடிச்சா சரியாயிடும்னு நினைப்போம். நான் வீட்டுல சோதிச்சுப் பார்த்தேன். ஓடுறதுக்கு முன்னாடி ஒரு எடை, ஒரு மணி நேரம் ஓடி, நல்லா துடைச்சுட்டு ஒரு எடை. 1.1 கிலோ குறைஞ்சிருந்தது. இடையில குடிச்ச 300 மில்லியையும் சேர்த்தா மணிக்கு 1.4 லிட்டர். வயித்தால அந்த வேகத்துக்குத் தண்ணியை உள்ள வாங்க முடியாது. எல்லாத்தையும் ஈடுகட்டுறேன்னு வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளினா ரத்தத்துல சோடியம் இறங்கிடும். அதுவும் உயிருக்கு ஆபத்து. 1985-ல தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் கூட இருந்தவங்களும் நெடுந்தூரப் போட்டிகள்ல இப்படி ஆன நாலு பேரைப் பத்தி எழுதினப்பதான் ஓட்டக்காரங்க உலகம் இதைக் கவனிக்க ஆரம்பிச்சது. ஓடி முடிச்சப்ப எடை கூடியிருந்தா அது சந்தோஷப்படுற விஷயமில்ல.

குட்டி வட்டத்தோட அருமை இங்கதான். மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டு மேஜை வந்துடும். முதுகுல எதையும் சுமக்க வேண்டாம். ஒரு வாய் நீர்மோர், அடுத்த சுத்துல ஒரு கடலை மிட்டாய், அதுக்கடுத்து உப்பு தொட்ட மாங்காய்க் கீத்து. எங்க மேஜையில எல்லாரும் அடிச்சுப் பிடிச்சது என்ன தெரியுமா? நீராகாரம். சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டு, கல் உப்பு போட்டு. மெடிக்கல்ல வாங்கின ஓஆர்எஸ் பாக்கெட்டும் இருந்தது, அதையும் குடிச்சோம். பாட்டி வைத்தியம் மட்டும் போதும்னு நான் சொல்லல. இனிப்பு ஜெல் எட்டாவது மணி நேரத்துல தொண்டையில இறங்காது, நீராகாரம் இறங்கும், அவ்வளவுதான். யாரோ ஜிகர்தண்டா வாங்கிட்டு வந்தாங்க. அது ஓட்டத்துக்கு நல்லதான்னு யாரும் கேக்கல.

இன்னொண்ணு, பழக்கம். உடம்பு வெயிலுக்குப் பழக 10-ல இருந்து 14 நாள் ஆகும். ரத்தத்துல நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதுல போற உப்பு குறையும். எங்கள்ல பாதிப் பேர் 23 டிகிரி ஏசியில உட்கார்ந்து கோட் எழுதுறவங்க. அதனால ரெண்டு வாரம் முன்னாடியே சாயங்காலம் 4 மணி வெயிலில் மெதுவா ஓடிப் பழகிட்டுத்தான் எல்லாரும் வந்தோம்.

அப்புறம் உத்தி. 12-ல இருந்து 3 வரைக்கும் நான் நடந்தேன். மணிக்கு 8-க்குப் பதிலா 5. மூணு மணி நேரத்துல 9 கிலோமீட்டர் நஷ்டம், எங்க வட்டத்துல 24 சுத்து. அந்த 24 சுத்து வெயிலுக்குக் கட்டுற வரி. மத்தியானம் கட்டாம ஏமாத்தினா சாயங்காலம் வட்டியோட கேட்கும்னு என் எண்ணம். பலர் நிழல்லயே படுத்துட்டாங்க.

ஒருத்தர் மட்டும் நிக்கல. பேர் வேண்டாம். என்னைவிட எட்டு வயசு மூத்தவர், நல்ல ஓட்டக்காரர், எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். மத்தவங்க உட்கார்ந்திருக்கும்போது ஓடினா ஒவ்வொரு சுத்தும் லாபம்ல, அந்தக் கணக்கு அவருக்கு. அது தப்பான கணக்குன்னும் சொல்ல முடியாது. என்னைவிட 30 சுத்துக்கு மேல முன்னால இருந்தார். ஒவ்வொரு சுத்தும் 2 நிமிஷம் 50 விநாடி, முன்ன பின்ன அஞ்சு விநாடி. என் லேப்டாப்ல ஓடிட்டிருந்த ஸ்கிரிப்ட் யாராவது திடீர்னு வேகம் குறைஞ்சா சிவப்பு காட்டும். அவரோட வரிசை கடைசி வரைக்கும் பச்சை.

மூணு மணிக்கு விசில் அடிச்சுத் திசை மாத்தினோம். எல்லாரும் திரும்பிட்டாங்க. அண்ணன் திரும்பி, நாலு எட்டு போயி, மறுபடி பழைய திசையில போனார். ஒரு முழுச் சுத்து. எதிர்ல வந்தவங்க கையைக் காட்டிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், தூக்கக் கலக்கத்துல எல்லாரும் செய்யுறதுதான். நோட்டு வெச்சிருந்த பொண்ணு சிரிக்கல. எங்க நண்பனோட தங்கச்சி, நர்சிங் ரெண்டாம் வருஷம். எழுந்து நடுவுல போய் நின்னுச்சு.

"அண்ணே, நில்லுங்க. இன்னைக்கு என்ன கிழமை?"

"லேப் எத்தனைம்மா?"

"அதைச் சொல்றேன். என்ன கிழமை?"

"வியாழன்."

ஞாயித்துக்கிழமை அது.

"உட்காருங்கண்ணே."

"ஏய், நான் நல்லாத்தான் இருக்கேன், வழி விடு." அப்படி அதட்டுற ஆளே இல்ல அவர்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. அவருக்கு நல்லா வியர்த்துட்டுதான் இருந்தது. வெப்பத் தாக்குன்னா தோல் வறண்டு போயிருக்கும்னு படிச்சிருப்போம். ஓடி வர்ற வெப்பத் தாக்குல வியர்வை நிக்கணும்னு அவசியமில்ல. மூளை தடுமாறுறதுதான் அடையாளம்: கோபம், குழப்பம், பொருந்தாத பதில். காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அது பாட்டுக்கு 2 நிமிஷம் 50-ல சுத்திக்கிட்டே இருக்கும். நீண்ட சாலையில நடக்குற போட்டின்னா அடுத்த தண்ணி மேஜை அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருந்திருக்கும். அங்க போய்ச் சேர்ந்திருப்பாரான்னு நான் யோசிச்சுப் பார்க்க விரும்பல.

ரெண்டு பேர் தோளைப் பிடிச்சு உட்கார வெச்சோம். ஒருத்தன் 108-க்கு போன். காலையிலயே ஐஸ் கம்பெனியில இருந்து மீன் கடைக்குப் போற மாதிரி ரெண்டு பார் ஐஸ், சாக்குல சுத்தி, வேப்ப மரத்தடியில வெச்சிருந்தோம். கூடவே ஒரு தார்ப்பாய். தார்ப்பாயை விரிச்சு, அவரை நடுவுல படுக்க வெச்சு, சட்டையைக் கழட்டி, ஆறு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடிச்சோம். தொட்டில் மாதிரி. டிரம் தண்ணியை ஊத்தி, ஐஸை உடைச்சுக் கொட்டி, கழுத்து வரைக்கும் தண்ணிக்குள்ள. அந்தப் பொண்ணு தலையைப் பிடிச்சுக்கிட்டுப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்துச்சு. வாயில தண்ணி ஊத்த விடல, புரை ஏறிடும்னு. ஒருத்தர் காய்ச்சல் மாத்திரை தேடினார், இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாதுன்னு அதையும் தடுத்துடுச்சு.

முதல்ல குளிர்விக்கணும், அப்புறம்தான் வண்டியில ஏத்தணும். இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. அரை மணி நேரத்துக்குள்ள சூட்டை இறக்கிட்டா பிழைக்கிற வாய்ப்பு மிக அதிகம். வெயிலில் காத்திருந்து, வண்டியில ஏத்தி, சிக்னல்ல நின்னு போறதுல அந்த அரை மணி நேரம் போயிடும்.

பத்து நிமிஷத்துல அவருக்குப் பல் கிடுகிடுன்னு ஆடுச்சு. "டேய், என்னடா பண்றீங்க, குளிருதுடா"ன்னார். அந்த வசவு மாதிரி இனிமையான ஒண்ணை நான் கேட்டதில்ல. ஆம்புலன்ஸ் வந்தது, ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, வீட்டுக்கு வந்துட்டார்.

நாங்க மூணே காலுக்கே நோட்டை மூடிட்டோம். மீதி நேரத்தை ஓடி முடிச்சிருக்கலாம்னு பின்னாடி ஒருத்தர் சொன்னார். அவர் அன்னைக்குத் தார்ப்பாய் பிடிக்கல.

அண்ணனுக்கு அந்த மூணு மணி எதுவுமே ஞாபகமில்ல. ஒரு மாசம் கழிச்சு நோட்டை வாங்கிப் பார்த்துட்டு, "அந்த எதிர்த்திசைச் சுத்தைச் சேர்த்திருக்கீங்களா இல்லையா?"ன்னு கேட்டார். அந்தப் பொண்ணு சேர்க்கல. ரெண்டு பேருக்கும் அதுல இன்னும் வழக்கு ஓடிட்டிருக்கு.

அடுத்தது ஜனவரியில, சாயங்காலம் 6-ல இருந்து காலை 6 வரைக்கும். நீங்க உங்க ஊர்ல இப்படி ஏதாவது நடத்துறதா இருந்தா, கோடையா இருந்தா, தார்ப்பாய் எங்க வீட்டு மாடியிலதான் மடிச்சுக் கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க. ஐஸ் மட்டும் நீங்க வாங்கிக்கங்க.