சூலியா தெருவில் ஒரு காலை

 

குர்துபா பெரிய பள்ளிவாசலையும், நாரங்கி மரங்கள் நிற்கும் அதன் முற்றத்தையும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் காட்டுகிறார்கள். பார்க்க வேண்டிய ஊர்தான். ஆனால் பாசிர் கூடாங்கிலிருந்து ஓர் இரவுப் பேருந்தில் போய்ச் சேரும் தெருக்களை நம்மில் எத்தனை பேர் நடந்து பார்த்திருக்கிறோம்?

சென்ற பள்ளி விடுமுறையில் சங்கத்தார் சிலர் பினாங்கு போனோம். சுபுஹுத் தொழுகை கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில். 1801இல் காதர் முகைதீன் தலைமையில் நம்மவர் எழுப்பியது. கம்பெனியார் கொடுத்த இடம் 18 ஏக்கர். பிறகு சூலியா தெரு. அஞ்சடியில் நடந்தால் வெயில் தெரியாது. நாகூர் தர்காவையும் பார்த்தோம். மாரியம்மன் கோயில், சீனர்களின் குவான் யின் கோயில், மாதா கோயில் எல்லாம் நடக்கும் தூரம்தான். பசியாற ரொட்டி சானாய். அதைச் சொல்லாமல் விட்டால் உடன் வந்தவர்கள் கோபிப்பார்கள்.

2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமையாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், பழைய குடிகள் பலர் வெளியேறிவிட்டனர். சுவர்கள் காப்பாற்றப்பட்டன, குடும்பங்கள் சிதறின.

எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் அங்கே பிறந்தவர். அவர் வீடு இப்போது தங்கும் விடுதி. "அறை வேண்டுமா?" என்று கேட்டான் வாசலில் இருந்த பையன். "வேண்டாம் தம்பி, முற்றத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். உள்ளே போனவர் வெளியே வர வெகுநேரமாயிற்று. நாங்கள் அஞ்சடியிலேயே காத்திருந்தோம்.