வாசலில் நிற்பவருக்குச் சம்பளம் சேர்ந்ததா?

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வரவு செலவுக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. அதில் 'காவலர் சம்பளம் – சிறப்புச் செலவு' என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "மாதாமாதம் ஏஜென்சிக்குத்தான் பணம் கட்டுகிறோமே, இது என்ன தனியாக?" என்று நாலைந்து பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு.

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு பதினொரு மணி இருக்கும். நம் இரவுக் காவலர் என் வீட்டு மணியை அடித்தார். வயதில் என்னைவிடப் பெரியவர். "சார், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு மாசமா சம்பளம் வரலை. உங்ககிட்ட கேட்கலாமா கூடாதான்னு தெரியலை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டு மாதமும் மூன்றாம் தேதியே நாம் ஏஜென்சிக்குப் பணம் அனுப்பியிருந்தோம். மறுநாள் ஏஜென்சிக்காரரைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. அலுவலகம் பூட்டியிருந்தது.

நம் கோப்பைத் திறந்தேன். ஒப்பந்தம் இருந்தது, பில்கள் இருந்தன. காவலர்களுக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. எட்டுப் பேரையும் உட்கார வைத்து உமங் செயலியில் பி.எஃப். கணக்கைப் பார்த்தோம். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிய பணம் பல மாதங்களாகக் கட்டப்படவே இல்லை. கடைசியில் அந்த இரண்டு மாதச் சம்பளத்தை நாமே இன்னொரு முறை கொடுத்தோம். நீங்கள் கேட்ட வரி அதுதான்.

"நாம் ஏன் கொடுக்க வேண்டும், நாம் என்ன கம்பெனியா?" என்று அப்போது செயற்குழுவிலேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. டெல்லி சோம் விஹார் குடியிருப்புச் சங்க வழக்கில், உறுப்பினர்களின் சொந்தத் தேவைக்காக ஆள் வைத்திருக்கும் சங்கம் தொழிற்தகராறு சட்டத்தின்படி ஒரு 'தொழில்' ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை. ஆனால் அது அந்த ஒரு சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. சம்பளம் பற்றிய சட்டம் வேறு. ஊதியச் சட்டத் தொகுப்பின் 43ஆவது பிரிவு, வேலைக்கு வைத்தவர் கொடுக்கத் தவறினால், அந்த ஊழியர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு உரிமையாளரான கம்பெனியோ சங்கமோ வேறு எவரோ கொடுக்கப் பொறுப்பு என்கிறது. 'சங்கம்' என்ற சொல்லே அதில் இருக்கிறது. ஊழியர் மூன்று ஆண்டுகள் வரை பாக்கியைக் கேட்டு மனு கொடுக்கலாம்.

நம் தவறு சட்டத்தை மீறியது அல்ல. சட்டம் மாறிக்கொண்டே இருக்கும்போது, ஒப்பந்தம் போட்ட நாளோடு பார்ப்பதை நிறுத்திவிட்டோம். அதுதான் தவறு. மாற்றங்கள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன.

முதலாவது, மத்திய அரசு. 2025 நவம்பர் 21 முதல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நமக்கு முக்கியமானது 'ஊதியம்' என்பதற்கான புதிய விளக்கம். ஒரு உதாரணம். ஒருவருக்கு மாதம் 18,000 ரூபாய். ஏஜென்சி அடிப்படைச் சம்பளம் 6,000, மற்ற படிகள் 12,000 என்று பிரித்து எழுதுகிறது. பி.எஃப். குறைவாகக் கட்டலாம் அல்லவா? இனி அது செல்லாது. விலக்கு பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். இங்கே 3,000 சேர்ந்து, ஊதியம் 9,000 ஆகிவிடும். இன்னொன்று: வேலையை விட்டுப் போகிறவருக்கும் நீக்கப்படுகிறவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

இரண்டாவது, மாநில அரசு. குறைந்தபட்ச ஊதியத்தை அறிவிப்பது அதுதான். அதோடு சேரும் அகவிலைப்படி, விலைவாசிக் குறியீட்டு எண்ணை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் மாறும். ஆக, மூன்று ஆண்டுக்கு ஒரே தொகை என்று ஒப்பந்தம் போட்டால், நடுவில் யாரோ ஒருவர் குறைத்துக் கொடுக்கிறார் என்றே அர்த்தம்.

மூன்றாவது, மாநகராட்சி. தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை. சென்னையில் 2024இல் இடைப்பட்ட வருமானப் பிரிவுகளுக்கு அது உயர்ந்தது. அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 1,250 ரூபாய். அதாவது மாதம் 12,500 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் மேல் பிரிவில் வந்துவிடுகிறார். ஏஜென்சி ஆட்களுக்கு ஏஜென்சி பிடித்துக் கட்ட வேண்டும். நாம் நேரடியாகச் சம்பளம் கொடுக்கும் தோட்டக்காரருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நாம்தான் பிடித்துக் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் கேட்டு மலைக்க வேண்டாம். சட்டப் புத்தகம் முழுவதையும் யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நாள்காட்டியில் சில தேதிகளைக் குறித்து வைத்தால் போதும். இந்தக் காலாண்டு முதல் நாம் செய்வது இதுதான்:

மாதம் 7ஆம் தேதி: முந்தைய மாதச் சம்பளம் ஒவ்வொரு காவலரின் வங்கிக் கணக்கிலும் ஏறியிருக்க வேண்டும். ஏஜென்சி அதற்கான வங்கிப் பட்டியலைத் தர வேண்டும்.

மாதம் 15ஆம் தேதி: பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டிய கடைசி நாள். மொத்தத் தொகை போட்ட சலான் மட்டும் போதாது. அதில் நம் ஆட்களின் பெயர்கள் இருக்கிற பட்டியலும் வேண்டும். அது வந்த பிறகே அடுத்த பில். பி.எஃப்.க்கு 20 பேர், இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் என்ற கணக்கு ஏஜென்சியின் மொத்த ஆட்களுக்கு. "உங்க வாசல்ல எட்டுப் பேர்தானே சார்" என்ற சாக்கு எடுபடாது.

ஏப்ரல் 1: புதிய அகவிலைப்படி பார்த்து ஒப்பந்தத் தொகையைத் திருத்துவது.

செப்டம்பர் 30, மார்ச் 31: தொழில் வரி கட்டியாயிற்றா என்று பார்ப்பது.

இவற்றோடு, ஏஜென்சிக்கு 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்பதையும் பார்க்கிறோம். எல்லாக் காகிதமும் ஒரே கோப்பில், குறைந்தது மூன்று ஆண்டுக்கு இருக்கும். செயற்குழுவில் ஒருவர் பொறுப்பு. அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இப்போது உங்கள் வாக்குக்கு வரும் தீர்மானம். நம் காவலர்கள் 12 மணி நேர ஷிப்டில் நிற்கிறார்கள். இரண்டு ஷிப்ட் என்றால் செலவு குறைவு என்று நாம் எல்லோரும் நம்பினோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு 500 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். மீதி நான்கு மணி நேரத்துக்கு இன்னொரு 500. ஆக ஒருவருக்கு 1,000, இரண்டு ஷிப்டுக்கு 2,000. எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட் வைத்தால் 1,500தான். அப்படியென்றால் 12 மணி நேர ஷிப்ட் நமக்கு இத்தனை நாள் மலிவாக இருந்தது எப்படி? அந்த நான்கு மணி நேரத்துக்கு யாருக்கும் சரியாகக் கொடுக்கவில்லை என்பதால்தான். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

மூன்று ஷிப்டுக்கு மாறினால் இன்று கொடுப்பதைவிடக் கூடும். மெயின்டனன்ஸ் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தாமல் முடியாது. மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கேட்டில் விழித்திருப்பவர் ஆறு மணி நேரம் நின்றவரா, பதினோரு மணி நேரம் நின்றவரா என்பது நம் பிள்ளைகளின் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட விஷயம். ஆன்லைன் வாக்கெடுப்பு இந்த மாத இறுதிவரை திறந்திருக்கும். கூட்டத்துக்கு வராமல் இதைப் படிக்கிற நீங்களும் மறக்காமல் வாக்களியுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காகிதம் சொல்லாததை மனிதர் சொல்வார். நாளை கேட்டைத் தாண்டும்போது காவலரிடம், "இந்த மாசம் சம்பளம் வந்துடுச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று அந்தப் பெரியவர் இரண்டு மாதம் பொறுத்துவிட்டுத்தான் என் வீட்டு மணியை அடித்தார். அந்த அறுபது நாளும் அவர் நமக்குக் கதவு திறந்துவிட்டார், வணக்கமும் சொன்னார். நாம் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அவர் இப்போதும் நம்மிடம்தான் இருக்கிறார், புதிய ஏஜென்சியின் சீருடையில். சம்பளம் ஏழாம் தேதிக்குள் வருகிறது. அடுத்த இதழில், வாக்கெடுப்பு முடிவோடு மூன்று மாதச் சலான் விவரத்தையும் வெளியிடுகிறோம். சரிபார்த்துக் கேள்வி கேளுங்கள்.