குற்றவியல் படிக்கலாமா? – பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை

(தடய அறிவியல் ஆய்வகத்தின் ஆவணப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர், நமது சங்கக் கிளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இஞ்சினியரிங், சி.ஏ., மருத்துவம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல நம்மிடையே அனுபவஸ்தர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆகவே நான் வேறு ஒரு துறையைப் பற்றிப் பேசுவதாகச் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். குற்றவியல், தடய அறிவியல், காவல், சிறைச் சீர்திருத்தம், தீயணைப்பு என்று பொதுமக்களின் பாதுகாப்பையும் நீதியையும் சார்ந்த படிப்புகளும் உத்தியோகங்களும்தான் அவை. சமீப காலமாக நம் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் குழந்தைகள், இதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். பெற்றோர்களும் விசாரிக்கிறார்கள். பிள்ளைகள் "எங்கே சேரலாம் மாமா?" என்று கேட்கிறார்கள். பெற்றோர்கள் "எப்படித் தடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள்.

பெற்றோர்களைக் குறை சொல்ல மாட்டேன். போலீஸ் ஸ்டேஷன் படியும் கோர்ட் படியும் ஏறாமல் காலத்தை ஓட்டுவதே பாக்கியம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். ஆனால் அந்தப் படிகளில் ஏறியே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு உள்ளே நல்ல படிப்பும் நேர்மையும் உள்ளவர்கள் வேண்டாமா? இன்று நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

இந்தத் துறை நமக்குப் புதிதன்று. 1849-லேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் ஏற்பட்டுவிட்டது. 1897-ல் கல்கத்தாவில் தொடங்கிய கைரேகைப் பிரிவுதான் உலகிலேயே முதலாவது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் காலத்தில், 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் சம்பவத்துக்குப் பிறகு, தடயங்களை ஆராய்ந்து மனித வெடிகுண்டு என்று காட்டிய டாக்டர் பி. சந்திரசேகரனின் பெயர் பலருக்கு நினைவிருக்கும். அவர் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையைச் சேர்ந்தவர்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், சட்டமே மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 176-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றம் என்றால், தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் சென்று சான்றுகளைச் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்கவும் வேண்டும். இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தந்திருக்கிறார்கள். அதே 2024-ல் மத்திய அரசு சுமார் 2,254 கோடி ரூபாயில் புதிய ஆய்வகங்களுக்கும் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. கட்டடமும் கருவியும் பணத்தால் வந்துவிடும். நிபுணர்களைப் படிக்கவைத்துத்தான் உண்டாக்க வேண்டும்.

நிபுணர் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் பிரிவுக்கு வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். ஊர், பெயர் வேண்டாம். ஒரு சிறிய வங்கியில் குமாஸ்தா ஒருவர். வயதான வாடிக்கையாளர் ஒருவர் காலமான பிறகு, பணம் எடுத்த சீட்டில் உள்ள கையெழுத்து அவருடையதல்ல என்று வாரிசுகள் புகார் செய்தார்கள். கோடுகள் நடுங்கியிருந்தன. பார்த்து வரைந்த கையெழுத்து இப்படித்தான் நடுங்கும் என்று குமாஸ்தாவை சஸ்பெண்ட் செய்து, வழக்கும் போட்டுவிட்டார்கள்.

போலி போடுபவன் மெதுவாக வரைவான். தேவையில்லாத இடத்தில் பேனாவைத் தூக்குவான். கோட்டின் முனை மழுங்கியிருக்கும். முதுமையில் வரும் நடுக்கம் வேறு மாதிரி. கை நடுங்கினாலும், ஐம்பது வருஷம் போட்டுப் பழகிய கையெழுத்தில் ஓரிரு வீச்சுகள் தன்னை அறியாமல் வேகமாக வந்துவிடும். ஆனால் இதைச் சொல்ல, அதே காலத்துக் கையெழுத்துகளோடு ஒப்பிட வேண்டும். எங்களுக்கு வந்ததோ எட்டு வருஷத்துக்கு முந்தைய கணக்குத் தொடங்கும் படிவம். அதை வைத்து அபிப்பிராயம் சொல்ல முடியாது என்று எழுதினோம். அந்தப் பெரியவர் பென்ஷன்தாரர். வருஷா வருஷம் நவம்பரில் ஆயுள் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பாரே, அவற்றை அனுப்புங்கள் என்று கேட்டோம். கடைசி மூன்று வருஷத்துச் சான்றிதழ்கள் வந்தன. அதே நடுக்கம், அதே வேக வீச்சுகள். கையெழுத்து அந்தப் பெரியவருடையதுதான்.

குமாஸ்தா விடுபட்டார். ஆனால் அந்தக் கட்டு எங்கள் அலமாரியில் தன் முறைக்காகக் காத்திருந்ததே ஒன்றரை வருஷம். அத்தனை நாளும் அவர் பாதிச் சம்பளத்தில், அக்கம்பக்கத்தார் பார்வையில் திருடனாக இருந்தார். ஆய்வகத்தில் ஒரு கட்டு காத்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்று அர்த்தம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது 100-க்கு சுமார் 76 பேர், தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஆய்வக அறிக்கை வராததும் அவற்றில் ஒன்று.

சரி, எப்படிப் படிப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "குற்றவியலில் பட்டம் வாங்கிவிட்டால் போலீஸிலோ லேபிலோ வேலை கிடைத்துவிடும்" என்று நினைக்கிறார்கள். அப்படி நேர்வழி கிடையாது. எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்ற படிப்பைப் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும். வாசல்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஆய்வகம். இதற்கு அடிப்படை விஞ்ஞானம். பிளஸ் டூவில் சயன்ஸ் குரூப் இல்லாமல் இந்த வாசல் திறப்பது கடினம். இரசாயனம், இயற்பியல், உயிரியல் இவற்றில் ஒன்றிலோ தடய அறிவியலிலோ எம்.எஸ்ஸி. வரை போக வேண்டியிருக்கும். 2020-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு காந்திநகர் தலைமையிடம். தில்லி, கோவா, திரிபுரா முதலிய இடங்களிலும் வளாகங்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் சாகர் பல்கலைக்கழகத்தின் துறை 1959 முதல் இருக்கிறது. சேருமுன் சில அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். ஒரு பதவிக்குத் தடய அறிவியல் எம்.எஸ்ஸி. போதும் என்பார்கள். இன்னொன்றுக்குக் குறிப்பிட்ட விஞ்ஞானப் பாடத்திலேயே பட்டம் வேண்டும் என்பார்கள்.

இரண்டாவது, சீருடை. ஐ.பி.எஸ்.ஸுக்கு யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் பரீட்சை. எந்தப் பட்டமும் போதும். குற்றவியல் அங்கே விருப்பப் பாடமாகக்கூட இல்லை. மத்திய ஆயுதப் படைகளில் அஸிஸ்டெண்ட் கமாண்டண்ட் ஆக யு.பி.எஸ்.சி.யும், தில்லி போலீஸிலும் மத்தியப் படைகளிலும் சப்-இன்ஸ்பெக்டர் ஆக எஸ்.எஸ்.சி.யும் தனித் தேர்வுகள் நடத்துகின்றன. இரண்டுக்கும் பொதுப் பிரிவில் வயது 20 முதல் 25. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் பொதுவாக ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 157 செ.மீ. உயரம் கேட்கிறார்கள். கண் பார்வையைக் கண்ணாடி இல்லாமல் சோதிப்பார்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆறாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்டுவிடுகிறார்கள். புஸ்தகம் வாங்குவதற்கு முன் கண் டாக்டரிடம் போவது நல்லது. குஜராத்தில் உள்ள ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் காவல், உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கென்றே பட்டங்கள் தருகிறது. ஆனால் அங்கே படித்தவரும் இதே தேர்வுகளைத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது, நீதிமன்றம். சட்டம் படித்து, வக்கீலாக ஏழு ஆண்டு தொழில் செய்தவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆகத் தகுதி பெறுகிறார். தடய அறிவியல் தெரிந்த வக்கீலுக்கு, அரசுத் தரப்பானாலும் எதிர்த்தரப்பானாலும், நல்ல மதிப்பு உண்டு.

நான்காவது, சிறையும் சிறார் நலமும். நன்னடத்தை அதிகாரி என்ற பதவி 1958-ஆம் ஆண்டு சட்டத்தின்படி உள்ளது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு சிறார் நீதிக் குழுமத்திலும் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண். குற்றவியல், சமூகப்பணி, மனோதத்துவம் படித்தவர்களுக்கு ஏற்ற வாசல் இது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உண்டு. மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. கற்பிக்க ஆசை உள்ளவர்களுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியலும் தடய அறிவியலும் தனிப் பாடங்கள்.

ஐந்தாவது, தீயணைப்பு. நாகபுரியில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரியில் தீயணைப்பு இஞ்சினியரிங் பட்டம் இருக்கிறது. ஆலைகள், விமான நிலையங்கள், எண்ணெய் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இவர்கள் தேவை.

ஆறாவது, பண மோசடியும் கணினிக் குற்றமும். நம்மில் சி.ஏ.க்கள் அதிகம். அவர்கள் வேறு பட்டத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. சி.ஏ. இன்ஸ்டிட்யூட்டே மோசடிக் கணக்குகளைக் கண்டறியும் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. இதன் அவசியம் உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில், தாத்தா பாட்டி தனியாக இங்கே. "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று வீடியோ காலில் மிரட்டி, சேமிப்பையெல்லாம் கறந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அந்தப் பணத்தின் தடத்தைப் பின்தொடரவும் படித்தவர்கள் வேண்டும்.

அமெரிக்காவில் 'கிரிமினல் ஜஸ்டிஸ்' என்று காவல், நீதிமன்றம், சிறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரே பட்டமாகத் தருகிறார்கள். அனுப்பலாமா என்று சிலர் கேட்டார்கள். எஃப்.பி.ஐ. போன்ற அமைப்புகளில் சேர அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். படித்துவிட்டு இங்கே திரும்பினால் பட்டத்துக்கு இணைச்சான்று வாங்க வேண்டும். இரண்டையும் யோசித்துவிட்டு வங்கிக் கடனுக்கு விண்ணப்பியுங்கள்.

தனியார் கல்லூரிகளும் இப்போது இந்தப் படிப்பைத் தொடங்கிவிட்டன. சேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டம் தரும் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா? ஆய்வகம் இருக்கிறதா, வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளைகள் அதில் கையால் வேலை செய்கிறார்கள்? முன்பு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

"பெண் குழந்தைக்கு இது சரிப்படுமா?" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். சிரமம் உண்டு. சம்பவ இடத்துக்கு ராத்திரியிலும் போக வேண்டும். பார்க்கக் கூடாததைப் பார்க்க நேரும். வெளியூர்க் கோர்ட்டில் நாள் முழுக்கக் காத்திருந்து குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். இவற்றைக் குழந்தையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட பிறகும் வேண்டும் என்றால் அவளைத் தடுக்காதீர்கள். என்னோடு பணியாற்றிய பெண் அதிகாரிகள் சாட்சிக் கூண்டில் நின்று பதில் சொன்னதைக் கேட்டு வக்கீல்கள் கேள்வியைச் சுருக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. டி.வி. தொடரில் ஒரு முடியை எடுத்துப் பார்த்து அரை மணியில் குற்றவாளியைச் சொல்லிவிடுவார்கள். நிஜத்தில் இது பொறுமையான வேலை. இதற்கு மதிப்பெண்ணைவிட முக்கியமாக ஒரு குணம் வேண்டும். போலீஸ் அதிகாரி அவசரப்படுத்துவார், மேலதிகாரி எதிர்பார்ப்பார், பத்திரிகைகள் முடிவே கட்டியிருக்கும். அந்த நிலையிலும், சான்று போதாது என்றால் "இதை வைத்து அபிப்பிராயம் சொல்ல இயலாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் தைரியம் வேண்டும். அந்த ஒரு வரியில் ஒருவருடைய மானமும் விடுதலையும் இருக்கும். அந்தக் குணம் உங்களிடம் இருந்தால், இந்தத் துறை உங்களுக்காகக் காத்திருக்கிறது.