பிள்ளைகளின் ஈரலில் ஏறும் கொழுப்பு



முட்டைக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கதி தெரிந்திருக்கும். கூண்டிலேயே அடைத்து, நடமாட விடாமல், மக்காச்சோளம் மிகுந்த தீவனமாகப் போட்டுவந்தால் நன்றாகக் கொழுத்த கோழி ஒருநாள் திடீரென்று செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சள் பூத்து, பெருத்து, தொட்டாலே உதிரும். ஈரலில் கொழுப்பு ஏறிப்போன நோய் அது. நம் பிள்ளைகள் சிலருக்கும் இதே வகைக் கேடு வருகிறது; ஆனால் திடீரென்று அல்ல, பையப் பைய.

"குடிக்கிறவனுக்குத்தானேய்யா ஈரல் கெடும், பச்சைப் பிள்ளைக்கு எப்படி?" என்று கேட்பீர்கள். மருத்துவர்களே முன்பு அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். 1980-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையார், குடிப்பழக்கம் இல்லாதவர்களின் ஈரலிலும் இந்தக் கேட்டைக் கண்டு எழுதினார்கள். 1983-இல் பருமனான மூன்று பிள்ளைகளிடம் கண்டதாக அங்கே இன்னொரு கட்டுரை வந்தது. அன்று மூன்று பிள்ளைகள். நம் நாட்டு ஆய்வுகளைத் திரட்டி டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-இல் கணக்குப் பார்த்தபோது, பருமனான பிள்ளைகளில் 100-க்கு 60 பேருக்கு மேல் ஈரலில் கொழுப்பு இருந்தது.

காரணம் பெரும்பாலும் இனிப்பும் உட்கார்ந்த வாழ்க்கையும்தான். சர்க்கரையில் பாதி, பழத்தில் இருக்கிற வகை இனிப்பு. அதை முக்கியமாக ஈரல்தான் வாங்கிச் செரிக்கிறது. பழமாகத் தின்றால் சக்கையோடு மெதுவாகப் போகும். கலராக, பாக்கெட் ஜூஸாகக் குடித்தால் ஒரே மூச்சில் போய்ச் சேரும். ஈரல் மிச்சத்தைக் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நாளடைவில் சிலருக்கு ஈரல் புண்ணாகித் தழும்பேறி இறுகிவிடும். சர்க்கரை வியாதியும் கூடவே வரலாம்.

இங்கே ஒன்று சொன்னால் திசையன்விளைக்காரர்களுக்கு என்மேல் வருத்தம் வரலாம். பதநீரும் கருப்பட்டியும் நம் தேரிக்காட்டுச் சொத்து. ஆனாலும் ஈரலுக்கு அவையும் இனிப்புத்தான். ஒரு சொம்பு பதநீரில் இருக்கிற இனிப்பு, அதே அளவு கலரில் இருப்பதற்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. பருவத்தில் பிள்ளை ஒரு தம்ளர் குடிக்கட்டும். "கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று காப்பிக்குக் காப்பி அள்ளிப் போடாதீர்கள்.

இந்த நோய்க்கு வலி கிடையாது. ஆச்சிமார் "எம் பேரன் கொழுகொழுன்னு ராசா மாதிரி இருக்கான்" என்று திருஷ்டி கழிப்பார்கள். உள்ளே ஈரல் கனத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஓர் அடையாளம் உண்டு. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணிபோல் இருந்தால் அது அழுக்கல்ல. பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துப் பிள்ளையை அழவைக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை நிறுத்தி, உச்சியிலிருந்து குதிகால்வரை ஒரு கயிறு அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். முனையோடு முனை எட்டவில்லை என்றால் வயிற்றில் கொழுப்பு கூடுதல் என்று அர்த்தம். டாக்டரிடம் சொன்னால் எஸ்.ஜி.பி.டி. என்கிற ரத்தப் பரிசோதனையும், வேண்டுமானால் ஸ்கேனும் எடுப்பார். பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் வசதி உண்டு. மத்திய அரசும் 2021-இல் இந்நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறது.

பிள்ளைகளுக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து இதற்கு இன்னும் இல்லை. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது. ஆனால் ஈரல்போலத் தன்னைத் தானே சீர்செய்துகொள்கிற உறுப்பு உடம்பில் வேறில்லை. அமெரிக்காவில் இந்நோய் கண்ட பையன்களுக்கு எட்டு வாரம் சர்க்கரை சேர்க்காத சாப்பாடு கொடுத்தார்கள்; ஈரல் கொழுப்பு 100-க்கு 25 பங்காக இருந்தது 17-ஆக இறங்கியது. 2019-இல் வெளிவந்த ஆய்வு இது. அந்தப் பையன்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்குமே அதே சாப்பாடுதான். அப்பா கலர் குடித்துக்கொண்டு மகனைத் தடுத்தால் நடக்குமா?

பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். வளர்கிற பருவம், எடை ஏறாமல் நின்றாலே பலருக்கு, உயரம் கூடக்கூட உடம்பு சரியாகும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து முருங்கைக்கீரை, உவரிச் சாளை மீன், அவித்த பயறு சேருங்கள். தாகத்துக்குத் தண்ணீரோ மோரோ போதும். பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால் பைக்கில் கொண்டு விடாதீர்கள், நடந்து போகட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரமாவது செல்போனை வாங்கி வைத்துவிட்டு விளையாட விடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கயிற்றை எடுத்து மறுபடியும் இடுப்பைச் சுற்றிப் பாருங்கள்.