இதய ஆபரேஷன் ஆன பிள்ளைக்கும் பிரஷர் பார்க்கணும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்தாயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள். போன மாதம் நம் உறுப்பினர் அக்கா ஒருவரின் மகளோடு துணைக்கு ஆஸ்பத்திரி போய் வந்தோம். அங்கே தெரிந்துகொண்டதை எல்லாருக்கும் சொல்லச் சொன்னது அந்த அக்காதான்.

பொண்ணுக்கு வயசு 22. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், பிறக்கும்போதே ஒரு இடத்தில் சுருங்கி இருந்தது. மகாதமனிச் சுருக்கம் என்கிறார்கள். ஒரு வயசு ஆகும் முன்பே ஆபரேஷன் செய்தார்கள். "இனி பயமில்லை" என்று சொல்லி அனுப்பினார்களாம். சில வருஷம் செக்கப் போனார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். நாமாக இருந்தாலும் விட்டிருப்போம். ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, நன்றாக ஓடியாடுகிற பிள்ளையைக் காட்ட யார் போவார்?

ஆறு மாசமாகப் பொண்ணுக்குத் தலைவலி. ஒரு முகாமில் இடது கையில் பிரஷர் பார்த்து 118/76, நார்மல் என்றார்கள். தைலம் தேய்த்துக்கொண்டே தையல் வேலைக்குப் போயிருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வலது கையில் பார்த்தார். 168/104. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒரே உடம்பில் இரண்டு கணக்கு எப்படி? இந்தச் சுருக்கம் பெரும்பாலும் இடது கைக்குக் குழாய் பிரிகிற இடத்தை ஒட்டியே வரும். சிலருக்கு அந்தக் கிளையும் சேர்ந்து சுருங்கியிருக்கும். கைக்குழந்தைக்கு ஆபரேஷன் செய்யும்போது அந்தக் கிளையையே வெட்டி ஒட்டுப் போடுவதும் உண்டு. இவளுக்கு அப்படித்தான். அதனால் இடது கை குறைத்துக் காட்டும், வலது கைதான் நிஜம் சொல்லும். காலிலும் பார்த்து ஒப்பிடுவார்கள்.

சரி, ஆபரேஷன் பண்ணின பிறகும் ஏன் பிரஷர்? வாய்க்கால் நடுவில் அடைத்துக்கொண்டால் மேல்மடையில் தண்ணீர் ததும்பும், கடைமடை காயும். கீழே இருக்கிற சிறுநீரகம், ரத்தம் போதவில்லை என்று நினைத்து பிரஷரை இன்னும் ஏற்றும். அடைப்பை எடுத்தாலும், ததும்பிப் பழகின மேல்பக்கக் குழாய்கள் விறைத்தே போயிருக்கலாம். ஆபரேஷன் தள்ளிப்போகப் போக இது அதிகம். சீக்கிரம் செய்தாலும் வராது என்று சொல்ல முடியாது. சிலருக்கு அதே இடம் மறுபடி சுருங்கும். சிலருக்குத் தையல் போட்ட இடம் பலூன் மாதிரி வீங்கும். இவளுக்கு எக்கோவும் ஸ்கேனும் எடுத்தார்கள். சுருக்கமும் இல்லை, வீக்கமும் இல்லை, மாத்திரை போதும் என்றார்கள்.

இந்த ஆபரேஷனை முதலில் செய்தது 1944-ல், சுவீடன் நாட்டு டாக்டர் கிராஃபோர்டு. அப்படிப் பிழைத்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, பல வருஷம் கவனித்த பிறகுதான், ஆயுசு முழுக்கச் செக்கப் வேண்டும் என்பதே தெளிவானது. பிரஷரைக் கவனிக்காமல் விட்டால் பக்கவாதம், மாரடைப்பு எல்லாம் இளவயசிலேயே வரும்.

இனி கஷ்டமான விஷயம். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "ஆபரேஷன் ஆனதைச் சொன்னால் எவன் கட்டுவான்?" என்று அக்கா அழுதார். அந்த அழுகையில் தப்பு சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். கர்ப்பமாகும் முன்பே குழாயைப் பரிசோதிக்கணும். எனலாப்ரில், லோசார்டன் மாதிரி மாத்திரைகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அதற்காக நாமாக நிறுத்தவும் கூடாது, டாக்டர் வேறு மாற்றித் தருவார். இதையெல்லாம் புருஷன் வீட்டில் ஒளித்துச் செய்ய முடியுமா? பொண்ணே சொல்லிவிட்டாள், "சொல்லித்தான் கட்டுவேன்மா" என்று.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கருவாடு, ஊறுகாய், அப்பளத்திலும் உப்புதான் என்பதை மறக்காதீர்கள்.

2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் பிரஷர் பார்க்க நம் குழுப் பெண்களே போனார்கள். யார் பார்க்க வந்தாலும், இந்த ஆபரேஷன் ஆனவர்கள் "வலது கையில் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லணும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். அக்கா வீட்டுச் சீட்டைப் பாதி கறையான் தின்றுவிட்டது. மீதியில்தான் எந்த மாதிரி ஆபரேஷன் என்று எழுதியிருந்தது, தப்பித்தோம்.

அடுத்த செக்கப் தை மாசம். அக்காவுக்குத் துணையாக யார் போவது என்று இன்றைக்கே பேசிவிடுவோம்.