உடம்பு முளைத்த கணினிகள்



எனக்கு முன் பேசிய நண்பர், கணினிக்கு அறிவு வந்துவிட்டதா என்று கேட்டார். நல்ல கேள்விதான். நான் வேறு பக்கமாகப் போகிறேன். கணினிக்கு உடம்பு வந்தால் என்ன ஆகும்? தோல், விரல், கண், கழுத்து என்று கொடுத்துப் பார்த்த கலைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்து வைத்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் கண்ணீர் விட்டார்கள். கணினியின் அறிவைப் பார்த்து யாரும் அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதலில் அந்தக் கண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். நியூயார்க் நகரின் குகன்ஹைம் அரும்பொருளகத்துக்காக, சுன் யுவான், பெங் யூ என்ற சீனக் கலைஞர் தம்பதியர் 2016ஆம் ஆண்டு ஒரு படைப்பைச் செய்தார்கள். 'என்னால் என்னை அடக்க முடியவில்லை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒளி ஊடுருவும் சுவர்கள் சூழ்ந்த ஓர் அறை. நடுவில் கூக்கா நிறுவனத்தின் பெரிய இயந்திரக் கை. தொழிற்சாலையில் வேலை செய்த நேயர்களுக்கு அந்த வகைக் கை புதிதல்ல. அதன் முனையில், தரைத் தண்ணீரை வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டை. தரையில் இரத்தம் போன்ற ஒரு குழம்பு. அது பரவிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள கேமராக்கள் கவனிக்கும். குறித்த எல்லையைக் குழம்பு தாண்டியதும், கை திரும்பி வந்து அதை வழித்து உள்ளே இழுக்கும். சுவரெல்லாம் சிவப்புத் தெறிக்கும். இடையிடையே அந்தக் கைக்கு 32 விதமான அசைவுகள் கற்றுக் கொடுக்கப்பட்டிருந்தன. அரிப்பெடுத்துச் சொறிவது, குனிந்து உடம்பை உலுக்குவது, பின்புறத்தை ஆட்டுவது. இவையெல்லாம் ஓர் இரும்புக் கைக்கு!

2019இல் வெனிஸ் நகரக் கலைவிழாவில் அது மறுபடி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு டிக்டாக்கில் அதன் காணொளிகள் பரவின. கூடவே ஒரு கதையும் பரவியது. அந்தச் சிவப்புதான் இயந்திரத்தின் உயிர்நீர், உடம்பிலிருந்து ஒழுகிக்கொண்டே இருக்கிறது, அள்ளி உள்ளே சேர்க்காவிட்டால் அது செத்துவிடும், முதலில் ஆடிப்பாடி மகிழ்ந்தது, பிறகு களைத்துப்போய் 2019இல் இறந்துவிட்டது என்று. படித்தவர்கள் அழுதார்கள்.

உண்மை என்ன? அந்தக் கை மின்சார மோட்டாரில் இயங்குவது. அதிலிருந்து ஒரு சொட்டும் ஒழுகவில்லை. சிவப்பு என்பது கெட்டியாக்கப்பட்ட சாயத் தண்ணீர். 2019 நவம்பரில் கலைவிழா முடிந்தது, விசையை அணைத்தார்கள். அவ்வளவுதான்.

ஆனாலும் அந்தக் கதையைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எல்லைக்காவலையும் கண்காணிப்பையும் நினைவூட்டும் படைப்பு என்று அரும்பொருளகம் விளக்கம் தந்தது. மக்கள் அதைப் பார்க்கவில்லை. குனிந்து, வழித்து, நிமிர்ந்து, மறுபடி குனியும் ஓர் ஆளைத்தான் பார்த்தார்கள். ஓய்வே இல்லாத வேலைக்காரன். கட்டடங்களில் விடியற்காலையில் தரை துடைக்கும் மனிதர்களைத் தாண்டி நடந்து போகும் நாம், ஓர் இரும்புக் கைக்காக அழுகிறோம். இது நம்மைப் பற்றிய செய்தி, இயந்திரத்தைப் பற்றியது அல்ல.

இது புதிய பலவீனமும் அல்ல. 1970இல், நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், பிலிப்ஸ் நிறுவனத்தின் காட்சி மண்டபத்தில் 'சென்ஸ்டர்' என்று ஒன்றை நிறுவினார்கள். செய்தவர் போலந்தில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த எட்வர்ட் இக்னாட்டோவிச். லாப்ஸ்டரின் கொடுக்கு மடங்கும் விதத்தைப் பார்த்து மூட்டுகளை அமைத்தார். நீளம் ஏறக்குறைய நாலரை மீட்டர். தலையில் ஒலிவாங்கிகளும் ரேடாரும். ஒரு கணினி அதை ஆட்டிவைத்தது. மெதுவாகப் பேசினால் கழுத்தை நீட்டி அருகில் வரும். கூச்சல் போட்டால், கையை வேகமாக வீசினால், பின்வாங்கிக்கொள்ளும். மண்டபத்தின் எதிரொலியும் மக்களின் கணிக்க முடியாத நடத்தையும் சேர்ந்துதான் அதை இவ்வளவு சாதுரியமாகக் காட்டின, உள்ளே இருக்கும் நிரல் எளியது என்று அவரே ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளில் அதைக் கழற்றிவிட்டார்கள். எலும்புக்கூடு பல காலம் வெயிலிலும் மழையிலும் நின்றது. போலந்தின் கிராக்கோவ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று அதை வாங்கி, 2018இல் மறுபடி இயக்கிக் காட்டியது.

சென்ஸ்டர் வெறும் இரும்புக் குழாய்தான். தோலும் இல்லை, முகமும் இல்லை. யாரும் அதைக் கண்டு அருவருக்கவில்லை. அதே 1970இல் ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். இயந்திரம் மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிக்கும், ஆனால் மிகவும் நெருங்கி வந்து, முழுதும் மனிதனாகாமல் நிற்கும் இடத்தில் பிடித்தம் சட்டென்று பள்ளத்தில் விழுந்துவிடும். செயற்கைக் கையை உதாரணம் காட்டினார். பார்வைக்கு அசல் கை. குலுக்கினால் சில்லென்று எலும்பில்லாமல் இருக்கும். உடனே உடல் சிலிர்க்கும்.

அந்தப் பள்ளத்திலேயே போய்க் குடியேறியவர் மார்க் தெய்சியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர். 2018இல் கைப்பேசிக்கு ஒரு விரல் பொருத்தினார். அது மேசைமேல் கைப்பேசியை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போகும், உங்கள் மணிக்கட்டைத் தடவிக் கொடுக்கும். 2019இல் கைப்பேசிக்குத் தோல் போர்த்தினார். மேல்தோல், நடுவில் மின்கம்பிகள், அடியில் கொழுப்பு போன்ற ஒரு படலம், எல்லாம் சிலிகோனில். கிள்ளலாம், முறுக்கலாம். கிச்சுக்கிச்சு மூட்டினால் திரையில் சிரிக்கும் முகம் வரும். இறுக்கிப் பிடித்தால் கோப முகம். பார்க்கவே சங்கடமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை நாம் எதை வருடிக்கொண்டிருக்கிறோம்? கண்ணாடி என்பதால் கூச்சம் வரவில்லை. தோல் என்றதும் வருகிறது.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றிலும் சிறந்தது 2021இல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் செய்த கண். கணினியின் மேல் வைக்கும் கேமராதான். ஆனால் மனிதக் கண் போலவே விழி, இமை, புருவம், சுற்றிலும் தோல். ஆறு சிறிய மோட்டார்கள். அது இமைக்கும். அறைக்குள் யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கும்.

சிலை வடிக்கும் ஸ்தபதி கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார் என்பது நம் நேயர்களுக்குத் தெரியும். அதுவரை கல். கண் திறந்தபிறகு அதன் எதிரே நிற்கும் விதமே மாறிவிடுகிறது. இந்தக் கேமராவும் அதைத்தான் செய்கிறது. வழக்கமான கேமராவும் பார்க்கிறது, பதிவு செய்கிறது. நம் மேசையில், கையில், மின்தூக்கியில், வாசலில் எல்லாம் இருக்கிறது. அதன் எதிரே நாம் சட்டை மாற்றுகிறோம். ஒரு புருவத்தை ஒட்டிவிட்டால் மட்டும் நாணம் வருகிறது.

இங்கேதான் எனக்குக் கவலை. உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தாலும் நம் உடம்பு அதை நம்புவதில்லை. இந்தக் கலைஞர்கள் திருகாணியையும் கம்பியையும் நமக்குக் காட்டிவிட்டு அந்த வித்தையைச் செய்கிறார்கள். தனிமையில் இருக்கும் முதியவருக்கும் விளையாட ஆள் இல்லாத குழந்தைக்கும் அன்பாகப் பேசும் பெட்டியை விற்பவர், திருகாணியைக் காட்டமாட்டார். மெல்லிய குரலைக் கொடுப்பார். மென்மையான ரோமம் கொடுப்பார். உள்ளே பதிவாகும் பேச்சு எங்கே போகிறது என்பதற்கு உடம்பு எதுவும் கொடுக்கமாட்டார்.

அப்படிப்பட்ட கண்ணை உங்கள் வீட்டில் வைப்பீர்களா என்று இடைவேளையில் நெறியாளர் கேட்டார். அது கடையில் விற்கும் பொருள் அல்ல, ஆராய்ச்சிக்காகச் செய்தது. கிடைத்தால் வாங்கி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே, எல்லாரும் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளைப் பார்த்தபடி வைப்பேன். முதலில் எழுந்து போய் அதன் மேல் துணியைப் போடுகிறவர் யார் என்று பார்க்க எனக்கு ஆசை.